கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டேன்

மார்ச் 3, திங்கள்

முதலாளிக்கு இன்று புது ஆசை வந்துவிட்டது. மாதக் கடைசியில் சென்னையில் நடக்கும் பம்ப் கண்காட்சிக்கு நம் கம்பெனியைப் பற்றி ஒரு வீடியோ வேண்டுமாம்.

"போன வருசம் எதுத்த ஸ்டால்ல பெரிய டிவியில வீடியோ ஓடுச்சு, கூட்டம் பூரா அங்க. நம்ம ஸ்டால்ல நானும் ஃபேனும்தான் ஓடுனோம். அஞ்சு நிமிசம் போதும் கண்ணு. நல்ல ஆளாப் புடிச்சுப்போடு" என்றார் நாச்சிமுத்து சார்.

இந்த ஆபீசில் இன்னாருடையது என்று பெயர் இல்லாத வேலையெல்லாம் என் வேலை. போன மாதம் செப்டிக் டேங்க் லாரிக்காரரைப் பிடித்தேன். இந்த மாதம் வீடியோகிராபர். ஸ்டூடியோவாக வேண்டாம், தனியாக வேலை செய்பவராகப் பார் என்றார் சார். தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, இரண்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். பொன்ராஜிடம் இதைச் சொல்லவில்லை. கேமரா, வீடியோ என்றாலே அவர் முகம் மாறிவிடும். நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற போட்டோ இந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸில் எடுத்ததும் அந்த ஆபீஸிலேயே இருக்கிறது.

மார்ச் 5, புதன்

மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. பம்ப் செட்டை மழையில் நனையவிட்டு ஸ்லோமோஷனில் எடுப்பாராம். இரண்டாம் ஆள் ட்ரோனைப் பற்றி மட்டுமே பேசினார். எங்கள் கம்பெனியை மேலிருந்து பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பக்கத்து வீட்டு எருமையும்தான் தெரியும், அதைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்றாவதாக வந்தவர் பெயர் ஜெபசிங். ஒல்லி, தாடி, தோளில் பழைய பை. உட்கார்ந்ததும், "இந்த வீடியோவ யாரு பாக்கப்போறா மேடம்?" என்று கேட்டார். டீலர்கள் என்றேன். "அப்போ பம்ப எப்படிச் செய்யுதாங்கன்னு காட்டினா போதும், மழையெல்லாம் வேண்டாம்லா?" என்றார்.

எனக்குப் பிடித்துப்போன கேள்வி. ஆனால் அந்த 'செய்யுதாங்க'வும் அந்த 'வேண்டாம்லா'வும் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த பேனா கீழே விழுந்துவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! காதுக்கு இதமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சாரிடம் முதல் ஆளே பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் ஆளுக்கு அனுபவம் போதாது என்றேன், கேமரா பழசு என்றேன். சார் மூன்று பேரும் அனுப்பிய மாதிரி வீடியோக்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்தத் தாடிக்காரப் பையனே இருக்கட்டும். எந்த ஊர்க்காரனா இருந்தா நமக்கென்ன?" என்றார்.

ஊரைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லையே. என் முகத்தில் தெரிந்திருக்கிறது போல.

மார்ச் 6, வியாழன்

போனில் பேசும்போது எந்த ஊர் என்று பட்டும் படாமலும் கேட்டேன். "பாளையங்கோட்டை மேடம்" என்றார். மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

ஒப்பந்தம் தயார் செய்தேன். அதில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: இங்கே எடுக்கும் படம், வீடியோத் துண்டு எதையும் ஸ்டேட்டஸிலோ வேறெங்குமோ போடக் கூடாது. இந்த வீடியோக்காரர்களுக்கு அது ஒரு பழக்கம். காலையில் ஷூட்டிங் என்றால் மதியத்துக்குள் 'இன்றைய வேலை' என்று ஊருக்கெல்லாம் காட்டிவிடுவார்கள். அடுத்த வேலை அப்படித்தான் கிடைக்கும்.

சார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நம்ம என்ன ராக்கெட்டா செய்யறோம்?"

ஜெபசிங் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் இடி. வீடியோவில் யாராவது பேச வேண்டும் அல்லவா? அக்கவுண்ட்ஸ் ரேவதியைச் சொன்னேன். நல்ல நிறம், கணீரென்று குரல். சார் கேட்கவில்லை. "டீலருங்க எல்லாம் போன்ல உன்றகூடத்தான பேசறாங்க. நீயே நின்னு பேசிப்போடு." எனக்குக் கேமரா என்றால் கூச்சம் என்றேன். கூச்சமெல்லாம் இரண்டு டேக்கில் போய்விடும் என்றார். உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் விழுந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. கோவைக்கு வந்தபிறகு எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

மார்ச் 10, திங்கள்

இடம் பார்க்க ஜெபசிங் வந்தார். காயில் சுற்றும் பகுதி, பெயின்ட் பகுதி, டெஸ்டிங் தொட்டி எல்லாம் காட்டினேன். தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும், "கொஞ்சம் அங்கன நில்லுங்கக்கா, வெளிச்சம் பாத்துக்கிடுதேன்" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை. என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவராகத்தான் இருப்பார்.

நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேன்க்கா."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. இந்த மூஞ்சி ஊருக்கு நாலு இருக்குமுங்க" என்றேன், பழகி வைத்திருக்கும் கோயம்புத்தூர் பேச்சில். நன்றாகத்தான் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இதை எழுதி வைப்பதே முட்டாள்தனம் என்று பொன்ராஜ் சொல்வார். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கே வைப்பது? சரி, எழுதிவிடுகிறேன். நான் கிளம்பி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் நான் இசக்கி. சான்றிதழில் இசக்கிப்பிரியா. இங்கே வெறும் பிரியா, சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பிரியா மேல்தான் விழ வேண்டும், அதனால் கவலையில்லை. அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். எனக்குப் பிடித்தவரோடு போகிறேன் என்று மட்டும் எழுதினேன். யார் என்று எழுதவில்லை.

அண்ணன் கையில் அகப்பட்டால் என்னை ஒருவேளை விட்டுவிடுவான். பொன்ராஜை விடமாட்டான். பொன்ராஜ் எங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் ஊரில் அவர்கள் தெருவுக்குத் தேர் திரும்பாது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் அங்கே யாருக்கும் தேவைப்படாது.

பொன்ராஜ் எனக்கு ஆறு மாதம் முன்பே இங்கே வேலைக்கு வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊரில் அவர் அம்மா நிம்மதியாகப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். இன்றுவரை அந்த வீட்டு வாசலில் யாரும் போய் நிற்கவில்லை. அது எப்படி என்று எங்களுக்கே ஆச்சரியம்.

மார்ச் 12, புதன்

முதல் நாள் ஷூட்டிங். எல்லோரும் புதுச் சீருடை. காயில் பகுதி ரங்கண்ணன் முகத்துக்குப் பவுடர் போட்டு வந்திருந்தார், கழுத்துக்குப் போட மறந்துவிட்டார். மதியம்வரை மெஷின்களை எடுத்தார்கள். அப்புறம் என்னை நிறுத்தினார்கள்.

மாஸ்க் போட்டுக்கொண்டு பேசுகிறேன் என்றேன், தூசி என்று காரணம் சொன்னேன். "நீ என்ன ஆபரேசனா பண்ணப்போற?" என்றார் சார். பேசினேன். ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்த்துப் பேசினேன். நான்காவது டேக்கில், பின்னால் மோட்டார் ஏற்றிய தள்ளுவண்டி உருண்டு ஜெபசிங்கின் முதுகை நோக்கி வந்தது.

"ஏல, வெலகுல!"

கத்தியது நான்தான். ஒன்றரை வருடமாகப் பூட்டி வைத்த பேச்சு, ஒரு வண்டி உருண்டதும் வாசல்வரை வந்துவிட்டது. அவர் விலகிக்கொண்டார், அடி படவில்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "பொள்ளாச்சியில இப்படியெல்லாமா பேசறாங்க?" என்றாள் ரேவதி. சினிமாவில் கேட்டது என்றேன்.

ஜெபசிங் சிரிக்கவே இல்லை. கேமராவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அந்த டேக் முழுவதும் அந்தக் கேமராவுக்குள் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இரண்டாம் நாள். மதியம் கேன்டீனில் எலுமிச்சைச் சோறு. ஜெபசிங் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வேறு இடம் காலியாகத்தான் இருந்தது.

"நான் முன்னாடி கல்யாண வீடியோ எடிட் பண்ணிட்டிருந்தேன்க்கா" என்று அவராகவே ஆரம்பித்தார். "மண்டபத்துக்கெல்லாம் போவமாட்டேன். அவங்க எடுத்து ஹார்ட் டிஸ்க்ல குடுத்துவிடுவாங்க. ஒரு ரூம்ல உக்காந்து நாலஞ்சு நாள் ஒரே குடும்பத்தப் பாத்துட்டிருப்பேன். யாரு தாய்மாமா, யாரு கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போறா, எல்லாம் தெரிஞ்சுபோவும். மாப்பிள்ள தங்கச்சி எப்படிச் சிரிப்பான்னுகூடத் தெரியும். அவங்களுக்குத்தான் என்னத் தெரியாது."

மாப்பிள்ளை தங்கச்சி. எத்தனையோ உறவு இருக்க அதை ஏன் சொன்னார்?

என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மணமகள் அறையிலிருந்து மேடைவரை விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். அந்த வீடியோவில் நான் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ரங்கண்ணன் ஊறுகாய் கேட்டு வந்தார், பேச்சு நின்றது. ரங்கண்ணனை அணைத்துக்கொண்டு அழலாம் போல இருந்தது.

இவருக்கு என்ன வேண்டும்? பணமா? அண்ணனிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கவா? எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

மார்ச் 14, வெள்ளி

எழுத்து கோணலாக விழுகிறது.

காலையில் கம்பெனி வாசலில் நின்று போனைப் பார்த்தேன். நாச்சிமுத்து சாரின் ஸ்டேட்டஸ். கேமராவுக்கு முன்னால் நான் நிற்கிறேன். பளிச்சென்று, மாஸ்க் இல்லாமல், சிரித்துக்கொண்டு. கீழே 'எங்கள் கம்பெனியின் முகம்' என்று எழுதி இரண்டு ரோஜாப்பூ வைத்திருக்கிறார்.

வெளியாளுக்குப் பயந்து ஒப்பந்தத்தில் வரி சேர்த்தேன். முதலாளிக்கு யார் வரி சேர்ப்பது? அவர் போனில் தமிழ்நாட்டு டீலர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். திருநெல்வேலி டீலர் இருக்கிறார். தூத்துக்குடி டீலர் இருக்கிறார்.

சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் போட்டேன். எடுத்தாலும் என்ன சொல்வது? கேட் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். வெளிப்புறக் காட்சிகள் எடுக்க வந்திருந்த ஜெபசிங் பார்த்துவிட்டு ஓடி வந்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தன் போனை எடுத்து, சார் எடுக்கும்வரை விடாமல் அடித்தார்.

"சார், ஜெபசிங் பேசுதேன். அந்த ஸ்டேட்டஸ உடனே எடுத்திருங்க சார். வீடியோ வாரதுக்கு முன்னாடி படம் வெளிய வந்துட்டா கண்காட்சியில யாரும் நின்னு பாக்கமாட்டாங்க. ஆமா சார். இப்பவே எடுத்திருங்க."

எடுத்துவிட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. இவரிடம் நான் எதுவும் கேட்கவில்லையே, எதற்காகப் பயப்படுகிறேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்றால், எவ்வளவு தெரியும்?

சாயங்காலம் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஆமா அண்ணாச்சி, கோயம்புத்தூர்லதான் இருக்கேன். பம்ப் கம்பெனியில வேல. இல்ல அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுதேன்."

எங்கள் பக்கம் கடைக்குக் கடை அண்ணாச்சிதான். ஆனால் அண்ணன் கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோக்காரரையும் நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர்.

எதை யோசித்துச் சொல்லப் போகிறார்?

மார்ச் 15, சனி

சார் ரொம்பக் குஷியாக என்னைக் கூப்பிட்டார். "திருநெல்வேலி டீலர் உன்ற போட்டோவப் பாத்துப்போட்டுப் போன் பண்ணுனாரு. 'யாருங்க அந்தப் பொண்ணு, எங்க பக்கத்து முகமா இருக்குது'ன்னாரு. நான் விடுவனா? 'எங்க பொள்ளாச்சிப் பொண்ணுங்க'ன்னு சொல்லிப்போட்டேன்."

நானும் சிரித்தேன். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பிப்ரவரி மாத வருகைக் கணக்கை முடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பொன்ராஜிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் தேதியிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா கிளம்பலாம்னு சொல்லுவிய."

"கிளம்பாம என்ன செய்ய?"

இதற்குள் மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லாமல் வருகிறேன். அடுத்த வாரம் கறிவேப்பிலை கேட்டு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்தால் அவமானமாக இருக்கிறது. இந்த முறை நான் வரமாட்டேன் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "அம்மாவ நெனச்சுக்கோ. நம்மளக் கண்டுபிடிச்சா நம்மளோட நிக்காது. எங்க தெருவுக்குள்ள போவாங்க" என்றார்.

புதன்கிழமை வீடியோ காட்டுகிறார்கள், அதுவரை பொறுக்கலாம் என்றேன். சரி என்றார். ஆனால் பரணிலிருந்து பெரிய பையை இறக்கிவிட்டார். நான் பாத்திரத்தை அடுக்க, அவர் துணியை அடுக்க, ஞாயிற்றுக்கிழமை அப்படியே போனது.

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். தெருவில் பைக் நிற்கும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் லீவு. ரேவதி போன் செய்தாள். வீடியோக்காரர் அவளைக் கூப்பிட்டு என்னவோ பேசச் சொல்லிக் குரல் பதிந்துகொண்டு போனாராம். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். கான்ஃபரன்ஸ் அறையில் சார், ரேவதி, ரங்கண்ணன், நான், இன்னும் ஏழெட்டுப் பேர். ஜெபசிங் லேப்டாப்பை டிவியில் இணைத்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வீடியோ அழகாக வந்திருந்தது. தாமிரக் கம்பி சுற்றிச் சுற்றி ஏறுவது, ரங்கண்ணனின் விரல்கள், தொட்டியில் தண்ணீர் பீறிடுவது. ரேவதியின் குரல் பின்னால் ஓடியது. நான் வரப்போகிறேன், இதோ வரப்போகிறேன் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. நான் வரவே இல்லை. நடந்துபோகிற காட்சியில்கூட இல்லை.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம புள்ள எங்கப்பா?"

"சாரி சார். மேடம் பேசின கார்டு கரப்ட் ஆயிருச்சு. எடுக்க முடியல."

"அப்போ மறுபடியும் எடு."

"கண்காட்சிக்குள்ள முடிக்க முடியாது சார்."

சார் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் மெஷினை நிறுத்தி வேலை கெட்டதைச் சொன்னார், பொறுப்பில்லாத ஆள் என்றார். "இது ஒரு தொழில் பண்றவன் செய்யற வேலையா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்கிட்டயும் உன்ற பேரச் சொல்லமாட்டேன்" என்றார். ஜெபசிங் தலை குனிந்து நின்றார். ரங்கண்ணன்கூட உச்சுக் கொட்டினார்.

கார்டு கெட்டுப்போகவில்லை. எனக்குத் தெரியும். மற்ற எல்லாக் காட்சியிலும் நடுவில் ஓரிடத்தில் நான் குறுக்கே போயிருக்கிறேன். அதையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கியிருக்கிறார். கேமரா வைத்திருக்கிற ஒருவர் தன் தொழிலைத் தானே இப்படிக் கேவலப்படுத்திக்கொள்வார் என்றால் காரணம் பெரிதாக இருக்க வேண்டும். நல்ல காரணமா, கெட்ட காரணமா? நல்லது செய்கிறவரைப் பார்த்தும் பயப்பட வேண்டிய பிழைப்பாகப் போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

நானே போன் செய்து கூப்பிட்டேன். கம்பெனிக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கும் பேக்கரியில், காலை பதினொரு மணிக்கு, ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். பொன்ராஜ் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்க டயர் கடையில் நின்றுகொண்டார்.

இரண்டு டீ வந்தது. கோயம்புத்தூர்ப் பேச்சை மூட்டை கட்டி வைத்தேன்.

"நீங்க யாரு? ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லாம இருந்தேன். சொல்லாமலே பயந்துட்டீங்க. அன்னைக்கு சாப்பிடும்போது கொஞ்சம் கோடிகாட்டிப் பாத்தேன். அதுக்கே உங்க முகம் வெளிறிட்டு."

"அந்தக் கார்டு கெட்டுப்போகலதான?"

"இல்ல. இந்தப் பொய்ய நான் சொல்லுதது இது ரெண்டாவது தடவ."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். என் அண்ணன் கல்யாண வீடியோவை எடிட் செய்தது அவர்தான். இரண்டு கேமராவில் எடுத்தது மொத்தமும் அவரிடம் வந்திருக்கிறது. மேடைக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த ஆட்களில் ஒருவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேனாம்.

பொன்ராஜ்தான். லீவு போட்டு, என்னைப் பார்ப்பதற்காகவே அலங்கார ஆட்களோடு சேர்ந்து வந்திருந்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம்.

"அவரு ஏணியில நிக்காரு, நீங்க பூக்கூடையத் தூக்கிக் குடுக்கீங்க. ஒரு தடவன்னா சரி. விளக்கு புடிச்சுட்டு வாரப்ப, பந்தியில நிக்கப்ப, எங்க பாத்தாலும் உங்க கண்ணு அங்கதான் போவுது. அவரு கண்ணும் அப்படித்தான். கல்யாண வீட்டுல ஒருத்தரும் பாக்கல. எனக்கு அதான வேல, யாரு எங்க பாக்காங்கன்னு பாக்கது. உங்க குடும்பம் எப்படின்னு அண்ணாச்சி சொல்லக் கேட்டிருக்கேன். அதனால அந்த எடத்த எல்லாம் வெட்டிட்டேன். முடிஞ்ச வீடியோவுல அவரு இல்லவே இல்ல."

எதிரே டயர் கடையில் நின்ற பொன்ராஜைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க போனதுக்கு அப்புறம் உங்க அண்ணன் அண்ணாச்சியக் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கு வந்தாரு. பையன் யாருன்னு தெரியல, கல்யாணத்துக்கு வந்திருப்பான், எடுத்தது பூராவும் போட்டுக் காட்டுன்னாரு. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சுன்னேன். அண்ணாச்சிக்கு நம்பிக்க இல்ல. அதோட எனக்கு வேல குடுக்கத நிறுத்திட்டாரு. அவரு சொன்னா அங்க வேற யாரும் குடுக்கமாட்டாங்க. அதான் இங்க வந்துட்டேன். இப்போ சீசன்னு மறுபடி கூப்பிடுதாரு. போகப்போறதில்ல."

"அந்த ஹார்ட் டிஸ்க்?"

"அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா."

பொன்ராஜின் அம்மா வாசலில் ஏன் யாரும் வந்து நிற்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. முன்பின் பார்த்திராத ஒருவர், ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து, தன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுக் கொடுத்த உயிர் எங்களுடையது. இந்தப் பதினைந்து நாளாக அவரைத்தான் நான் கொலைகாரனாகப் பார்த்திருக்கிறேன்.

கை கூப்பினேன். அவர் பதறிப்போய், "எல்லாரும் பாக்காங்கக்கா" என்றார். எழுந்து பையை மாட்டியவர் மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. டிஸ்க் இல்லன்னதும் உங்க அண்ணன், சரி முடிஞ்ச வீடியோவயாவது போடுன்னாரு. என் பக்கத்துலயே உக்காந்து பாத்தாரு. அவரு தாலி கட்டினதும் நீங்க நாத்தனார் முடிச்சு போடுவீங்கள்ளா? போட்டுட்டு அவரு தலையில ஒரு கொட்டு வைப்பீங்க. அவரு திரும்பிப் பாத்துச் சிரிப்பாரு. அந்த எடம் வந்ததும் நிறுத்துன்னாரு. மறுபடி போடச் சொன்னாரு. மறுபடி, மறுபடி. அப்புறம் அழ ஆரம்பிச்சிட்டாரு. சத்தம் போட்டு அழுதாரு. எனக்கே தாங்கல."

"அப்புறம்?"

"கண்ணத் தொடச்சுக்கிட்டே எந்திரிச்சாரு. 'எவன்னு மட்டும் தெரியணும். என்னைக்குத் தெரிஞ்சாலும் எனக்கு ஒரு போன் போடு'ன்னு நம்பர எழுதி வச்சிட்டுப் போனாரு."

மார்ச் 21, வெள்ளி

பையைப் பிரித்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்கினோம். டீலர் மறுபடி ஏதாவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் பொன்ராஜ். ஜெபசிங்கை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இந்த வீட்டுக்கு வரப்போகும் முதல் விருந்தாளி.

காலையில் அவர் வேலைக்குப் போனபிறகு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டு ஞாபகம் வந்தது. அவன் மண்டை கெட்டி, எனக்குத்தான் விரல் வலித்தது. அதற்குத்தான் அவன் சிரித்தான். எங்கள் அண்ணனுக்கு என்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை. அவன் அழுததும் பொய்யில்லை. நம்பரை எழுதி வைத்ததும் பொய்யில்லை.

ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அண்ணனை நினைத்து வாய்விட்டு அழுதேன். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்துதான் அழுதேன்.